ரெண்டாவது சர்வர் போட்டா கிளஸ்டர் ஆயிடுமாங்க?

2024 ஜூன் 10, கேள்வி

வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில ஐடி பாக்கறேன், மொத்தமே நான் ஒரு ஆளு தான். எங்க ஈஆர்பி (பில்லு, சம்பளம், கணக்கு எல்லாம் பாக்கற சாஃப்ட்வேர்) ஜாவால எழுதுனது, டாம்கேட்டுங்கற ஜாவா சர்வர்ல ஓடுது, தகவலெல்லாம் வெக்கற டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ், ரெண்டும் ஒரே மெசின்ல. சனிக்கெழமை சம்பளம் போடற அன்னிக்கு மத்தியானம் ஆச்சுன்னா படுத்துக்குது. மொதலாளி இன்னொரு சர்வர் வாங்கித் தர்றேன்னுட்டார். இருக்கறத அப்படியே காப்பி பண்ணி அதுலயும் போட்டு, வர்ற வேலையப் பிரிச்சு விடற ஒரு லோட் பேலன்சர முன்னாடி வெச்சுட்டா, ரெண்டும் ஒண்ணாச் சேந்து ஓடற கிளஸ்டர் தானுங்களே? ஒரு ஞாயித்துக்கெழமை போதும்னு நெனைக்கறேன். பண்ணிப் பாத்தவங்க சொல்லுங்க.

ஜூன் 10, ராத்திரி 10.40, பதில்

ஒரு ஞாயித்துக்கெழமை பத்தாதுங்க. எனக்கு ஏழு மாசம் ஆச்சு, இத்தனைக்கும் அந்த சாஃப்ட்வேர்ல பாதிய எழுதுனதே நானு.

2019 தீபாவளி அக்டோபர் 27, ஞாயித்துக்கெழமை வந்துச்சு. அதுக்கு முந்தின வாரம் சனிக்கெழமை போனஸ் பட்டுவாடா. நான் வேலை பாத்த எடத்துலயும் இதே கதை தான், ஒத்தை மெசின், டாம்கேட் 8.5, பக்கத்துலயே போஸ்ட்கிரஸ். மத்தியானம் ரெண்டு மணிக்கு அப்படியே நின்னு போச்சு. வெளிய கேட்டு வரைக்கும் ஆளுக வரிசைல நிக்கறாங்க, அவங்களுக்கு ஊருக்குப் போற பஸ்ஸப் புடிக்கணும். மொதலாளி வந்து ஒரு சத்தம் போடலை, "ஏங்கண்ணு, இன்னொரு மெசின் போட்டா செரியாப் போயிருமா?"ன்னு கேட்டார். போயிருமுங்கன்னேன். சத்தம் போட்டிருந்தார்னா யோசிச்சுச் சொல்லியிருப்பேன்.

மெசின் வந்துச்சு. நீங்க சொல்ற மாதிரியே காப்பி பண்ணேன், முன்னாடி என்ஜின்எக்ஸ்ங்கற லோட் பேலன்சர வெச்சு ஒரு ரிக்வெஸ்ட் இதுக்கு ஒரு ரிக்வெஸ்ட் அதுக்குன்னு மாத்தி மாத்தி தாட்டி விட்டேன். திங்கக்கெழமை வெடியால அக்கவுண்ட்ஸ் அக்கா லாகின் பண்றாங்க, மறுபடியும் லாகின் கேக்குது, பண்றாங்க, மறுபடியும் கேக்குது, பாஸ்வேர்ட் தான் தப்போன்னு அதையும் மாத்திப்போட்டு அப்புறமேட்டுக்கு புது பாஸ்வேர்டையும் மறந்துட்டு உக்காந்திருக்காங்க. லாகின் பண்ணது ஒண்ணாவது மெசின்ல, அந்த ஞாபகம் அதோட மெமரில கெடக்குது, அடுத்த கிளிக் ரெண்டாவதுக்குப் போகுது, அதுக்கு இவங்க யாருன்னே தெரியாது.

ஒத்தை சர்வர்லயே வளந்த சாஃப்ட்வேர் எல்லாத்தையும் மடில கட்டி வெச்சுக்கும்ங்க. யாரு உள்ள வந்திருக்காங்க, கடைசி பில் நம்பர் என்ன, இன்னிக்கு பீஸ் ரேட் (ஒரு பீஸுக்குக் கூலி) என்ன, அப்லோட் பண்ண ஃபைல் எங்க கெடக்குது, எல்லாம் மடில. ரெண்டு மெசின் ஆகறப்போ அத்தனையும் அவுத்து பொதுவுல வெக்கணும். எங்கெங்க முடிஞ்சு வெச்சிருக்குன்னு தேடறதுக்குத் தான் ஏழு மாசம். மெசின் மாட்டறது அரை நாள் வேலை.

மீதி நாளைக்கு. தூக்கம் வருது.

ஜூன் 11, வெடியால

"ஒரு ஆளு எப்பவும் ஒரே மெசினுக்குப் போற மாதிரி ஒட்ட வெச்சுட்டா போச்சு, என்ஜின்எக்ஸ்ல ஐபி ஹாஷ்னு, ஆளோட நெட்வொர்க் அட்ரஸ வெச்சு மெசினப் பிரிக்கற ஒரே வரி தானே"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். அந்த ஒரு வரிய நானும் போட்டேனுங்க. லாகின் பிரச்சனை அன்னிக்கே தீந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு மொதலாளிகிட்ட பெருமையா ஸ்கிரீனக் காட்டறேன், பாருங்க ரெண்டாவது மெசின்ல லோடே இல்ல, எவ்வளவு எடம் இருக்குதுன்னு. லோடு ஏன் இல்லைன்னு அன்னிக்கு நைட்டு தான் ஒறச்சுது. ஐபி ஹாஷ் அட்ரஸ்ல மொதல் மூணு பாகத்த மட்டும் தான் எடுத்துக்கும், கடைசி பாகத்தப் பாக்காது. ஆபீஸ்ல அத்தனை பேரும் 192.168.1-ல ஆரம்பிக்கறவங்க. அத்தனை பேரும் மொதல் மெசினுக்கே போயிட்டிருந்தாங்க, புதுசு சும்மா ஃபேன் ஓட்டிட்டு இருந்துச்சு.

அப்புறம் ஹெச்ஏபிராக்ஸின்னு வேற ஒரு லோட் பேலன்சர் போட்டு, பிரவுசர் வெச்சுக்கற குக்கில சர்வர் பேர எழுதி ஒட்ட வெச்சேன். அது இன்னிக்கு வரைக்கும் நல்லா ஓடுது.

ஆனா ஒட்ட வெக்கறதுல ஒரு கெடுதல், மடில இருக்கற மத்த விஷயத்தையெல்லாம் அது மூடி மறைச்சுரும். ஒரு ஆளு ஒரே மெசின்ல இருக்கற வரைக்கும் அவருக்கு எல்லாம் சரியாத் தெரியும், ரெண்டு ஆளு ஒரே விஷயத்தப் பத்திப் பேசறப்போ தான் சண்டை வரும். அந்தச் சண்டையப் பத்தி தனியா எழுதணும்.

ஜூன் 11, ராத்திரி

பில் நம்பர்.

எங்க கோட்ல பில் நம்பர் ஒரு ஸ்டேட்டிக் வேரியபிள். டாம்கேட் எந்திரிக்கறப்போ டேட்டாபேஸ்ல கடைசி நம்பர் என்னன்னு ஒரு தடவை பாத்துக்கும், அதுக்கப்புறம் மெமரிலயே ஒண்ணொண்ணாக் கூட்டிக்கும். ரெண்டு பேரு ஒரே சமயத்துல பில் போட்டா மோதக் கூடாதுன்னு சிங்க்ரனைஸ்ட்னு போட்டு, ரொம்ப கெட்டிக்காரத்தனமா கமெண்ட் வேற எழுதி வெச்சிருந்தேன். சிங்க்ரனைஸ்ட் பூட்டறது அந்த ஒரு ஜாவா புராசஸ்குள்ள மட்டும் தான், பக்கத்து மெசின்ல இருக்கறதுக்கு இந்தப் பூட்டு கண்ணுக்கே தெரியாது. ஒரே நாள்ல ரெண்டு பார்ட்டிக்கு ஒரே நம்பர்ல பில் போச்சு. டேட்டாபேஸ்ல பில் நம்பருக்கு யூனிக்னு (ஒரே நம்பர் ரெண்டு தடவை வரக் கூடாதுன்னு) ஒரு வார்த்தை போட்டிருந்தா எர்ரராவது வந்திருக்கும், அதுவும் போடலை. இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது, முழுசா என்ற தப்பு.

ஜிஎஸ்டி வந்ததுல இருந்து, அதாவது 2017 ஜூலைல இருந்து, விதி 46 தெளிவாச் சொல்லுது: பில் நம்பர் வரிசையா வரணும், 16 எழுத்துக்கு மேல போகக் கூடாது, அந்த நிதியாண்டுல திரும்ப வரக் கூடாது. சரின்னு, போஸ்ட்கிரஸே அடுத்த நம்பரக் குடுக்கற சீக்வென்ஸ்க்கு மாத்துனேன். அது ரெண்டு மெசினுக்கும் பொது, நம்பர் மோதவே மோதாது. ஆனா பாதில பில்ல ரத்து பண்ணி ரோல்பேக் ஆனா சீக்வென்ஸ் மட்டும் திரும்ப வராது, போன நம்பர் போனது தான். மாசக் கடைசில ஆடிட்டர், "214 இருக்குது, 216 இருக்குது, 215 எங்கீங்க?"ன்னு கேட்டார்.

அப்புறம் நம்மளுக்குத் தோணுச்சு, விதில ஒரு வரிசை இல்லாட்டி பல வரிசைன்னு தானே இருக்குது, மொதல் மெசினுக்கு ஏ, ரெண்டாவதுக்கு பி-ன்னு தனித்தனி வரிசை குடுத்துட்டா என்ன? ஆடிட்டர்கிட்ட கேட்டேன். "சட்டப்படி ஆகும் தம்பி, ஆனா பில்லு எந்த மெசின்ல அடிச்சதுன்னு எனக்கெதுக்கு?"ன்னார். நியாயம் தானுங்களே. கடைசில ஒரு சின்ன டேபிள், அதுல வரிசைக்கு ஒரு ரோ, செலக்ட் ஃபார் அப்டேட் போட்டு அந்த ரோவப் பூட்டி, நம்பர எடுத்து, பில்லையும் அதே ட்ரான்சாக்ஷன்ல சேவ் பண்றது. பில் விழுந்துச்சுன்னா நம்பரும் கூடவே திரும்பிரும். மெதுவு தான், ஒவ்வொருத்தரா வரிசைல நிக்கணும். ஒரு நாளைக்கு எங்களுது முந்நூறு பில்லு, இதுக்கென்ன அவசரம்.

ஜூன் 12

ஃபைல் பத்திக் கேட்டவருக்கு: பையர் அனுப்புற ஆர்டர் பிடிஎஃப், ஸ்டைல் போட்டோ எல்லாம் மெசினோட சொந்த டிஸ்க்ல கெடந்தா பாதிப் பேருக்குத் தெரியும் பாதிப் பேருக்குத் தெரியாது. நெட்வொர்க் வழியா ஃபோல்டரப் பகிர்ற என்எஃப்எஸ்ல ஒரு பொது ஃபோல்டர் வெச்சு ரெண்டுலயும் மவுண்ட் பண்ணுங்க. ஆர்சிங்க்னு ஒரு காப்பி கருவில அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காப்பி பண்ணலாம்னு ஐடியா வரும், வேண்டாம், அழிச்ச ஃபைலெல்லாம் எந்திரிச்சு வரும்.

ஜூன் 13

இது கொஞ்சம் பெருசாப் போகும், டீ வாங்கி வெச்சுக்கிட்டுப் படிங்க.

தானா ஓடற வேலைக. எங்களுதுல சனிக்கெழமை காலைல ஆறு மணிக்கு அந்த வாரச் சம்பளக் கணக்கப் போட்டு, ஒவ்வொருத்தருக்கும் இவ்வளவுன்னு எஸ்எம்எஸ் அனுப்பும். ரெண்டு மெசின்லயும் அதே கோட் இருந்தா ரெண்டுமே ஆறு மணிக்கு எந்திரிக்கும், இதுல ஆச்சரியப்பட என்ன இருக்குது, ஆனா நான் ஆச்சரியப்பட்டேன். ரெண்டு எஸ்எம்எஸ் போச்சு. செக்கிங்ல இருக்கற ஒரு அம்மிணி நேரா வந்து, "ஏனுங்ணா, இந்த வாரம் ரெண்டு சம்பளமுங்களா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டுப்போட்டுப் போச்சு. சிரிக்கற விஷயம் எஸ்எம்எஸ் மட்டும் தான். அட்வான்ஸ் பிடித்தமும் ரெண்டு தடவை புடிச்சிருந்துச்சு.

மொத வைத்தியம்: கான்ஃபிக் ஃபைல்ல மாஸ்டர்னு ஒரு வரி, மொதல் மெசின்ல ஆமாம், ரெண்டாவதுல இல்ல. அஞ்சு நிமிஷ வேலை, அப்படியே மறந்தும் போச்சு. கொஞ்ச மாசம் கழிச்சு மொதல் மெசின்ல ரேம் போய் மூணு நாள் கழட்டி வெச்சிருந்தோம், ரெண்டாவது அழகா வேலை பாத்துச்சு, எல்லாரும் சந்தோஷம். மூணு நாளா எந்த வேலையும் தானா ஓடலைங்கறது நாலாவது நாள் தான் தெரிஞ்சுது.

ரெண்டாவது வைத்தியம்: போஸ்ட்கிரஸ்ல அட்வைசரி லாக். எந்த மெசின் மொதல்ல பூட்டுதோ அது ஓடும், மத்தது திரும்பிப் போயிரும். நல்லா இருந்துச்சு, ஒரு வாரம். அடுத்த வாரம் மறுபடியும் சிலதுக்கு ரெண்டு எஸ்எம்எஸ். ஏன்னா ரெண்டு மெசின் கடிகாரமும் எட்டு செகண்டு வித்தியாசம். மொதலாவது பூட்டி, சின்ன வேலையா இருந்தா மூணு செகண்டுல முடிச்சு, தொறந்து விட்டுப்போட்டுப் போயிரும், அப்பத்தான் ரெண்டாவதுக்கு ஆறு மணி ஆகும், அது வந்து பாத்தா பூட்டு தொறந்து கெடக்குது, சரி நம்ம ஆரம்பிப்போம்னு ஆரம்பிச்சுரும்.

வேலைகள நேரத்துக்கு ஓட்டற குவார்ட்ஸ் ஷெட்யூலர கிளஸ்டர்ல ஓட்டறவங்களுக்கு அதோட டாக்குமெண்ட்லயே எழுதியிருக்குது, மெசின் கடிகாரங்க ஒரு செகண்டுக்குள்ள ஒத்துப் போகலைன்னா வெவ்வேற மெசின்ல ஓட்டவே ஓட்டாதீங்கன்னு. நான் அதப் படிச்சது எல்லாம் முடிஞ்சப்புறம்.

கடைசியா நின்னது: பூட்டும் வேணும், கூடவே "இந்த வாரம் இந்த வேலை முடிஞ்சுது"ன்னு எழுதி வெக்கற ஒரு டேபிளும் வேணும், வாரமும் வேலை பேரும் சேந்து யூனிக். யாரு எத்தனை தடவை எந்திரிச்சு வந்தாலும் ரெண்டாவது ரோ உள்ள போகாது. இத மொதல்லயே பண்ணியிருந்தா ஒத்தை மெசின் காலத்துலயே நிம்மதியா இருந்திருக்கலாம், ஏன்னா அப்பவும் யாராவது பட்டனை ரெண்டு தடவை அமுக்குனா இதே கதை தான் நடந்துச்சு.

ஜூன் 15, சனிக்கெழமை மத்தியானம்

கேள்வி கேட்டவரே, இன்னிக்கு சனிக்கெழமை. படுத்துருச்சுங்களா? படுக்கறப்போ ரீஸ்டார்ட் பண்ணாம ஒரு நிமிஷம் பொறுத்து டாப் (சிபியு), ஐஓஸ்டாட் (டிஸ்க்), அப்புறம் போஸ்ட்கிரஸ்ல பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி (இப்ப ஓடற குவெரிக) மூணையும் பாத்து எழுதி வெச்சுட்டு அப்புறமா ரீஸ்டார்ட் பண்ணுங்க. இத மொத நாளே கேட்டிருக்கணும், நான் என்ற சொந்தக் கதைலயே மூழ்கிப் போயிட்டேன்.

ஜூன் 16

பதில் வந்துருச்சு, எல்லாரும் பாருங்க. சிபியு நூத்துக்கு இருபது கூட இல்ல. டிஸ்க் தான் நூத்துக்கு தொண்ணூத்தெட்டுல நிக்குது. ஆக்டிவிட்டில ஒரே குவெரி நாப்பது பேரு பேர்ல ஓடிட்டு இருக்குது: அஞ்சு வருஷ அட்டெண்டன்ஸ் டேபிள், ஆள் நம்பரும் தேதியும் வெச்சுத் தேடுது, சீக்கிரம் தேட உதவற இன்டெக்ஸ் இல்ல. ஒவ்வொருத்தரும் மொத்த டேபிளையும் மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் படிக்கறாங்க.

எங்கப்பா வந்திருந்தார், பல்லடம் பக்கம் தோட்டம், நான் போன்ல தலையச் சொறிஞ்சுட்டு இருக்கறதப் பாத்துட்டு என்னடான்னார். ரெண்டு சர்வர், ஒரு டேட்டாபேஸ்னு எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். "ஒரே கெணத்துல ரெண்டு மோட்டார் எறக்கறேங்கறயா? தண்ணி ஊறறது ஊறறது தானே, சீக்கிரம் அடிமண்ணு தெரியும்"னார். எழுதி ஒட்டி வெச்சுக்கலாம்னு இருக்கறேன்.

அதனால நண்பரே, சர்வர் வாங்கறத நிறுத்துங்க. கன்கரன்ட்லின்னு சேத்து இன்டெக்ஸ் போடுங்க, அப்படிப் போட்டா டேபிள் பூட்டாது, ஆளுக வேலை பாத்துட்டு இருக்கறப்பவே பண்ணலாம்.

ஜூன் 16, ராத்திரி 11.50

தூக்கம் வரலைங்க. அவருக்குச் சொல்லிப்போட்டு, 2019-ல நான் இதப் பாத்தேனான்னு ஒரு கேள்வி. பழைய மெயில்ல அன்னிக்கு நானே எனக்கு அனுப்பி வெச்ச லாக் கெடச்சுது. அதுல நூத்துக்கணக்குல ஒரே வரி: "ஃபேட்டல், ஸாரி, டூ மெனி க்ளையன்ட்ஸ் ஆல்ரெடி". போஸ்ட்கிரஸ் எவ்வளவு மரியாதையா மன்னிப்பெல்லாம் கேட்டிருக்குது, நான் காதுல வாங்கலை.

கணக்குப் பாத்தேன். டாம்கேட் த்ரெட் (ஒரே சமயத்துல கவனிக்கற ரிக்வெஸ்ட்) எதுவும் மாத்தலைன்னா 200. நான் கனெக்ஷன் பூல் (டேட்டாபேஸுக்கு ஒரே சமயத்துல எத்தனை கனெக்ஷன் தொறக்கலாம்ங்கறது) 120 வெச்சிருந்தேன், எச்சா இருந்தா நல்லதுன்னு. போஸ்ட்கிரஸ்ல மேக்ஸ் கனெக்ஷன்ஸ் எதுவும் மாத்தலைன்னா 100, அதுல மூணு சூப்பர்யூசருக்கு ஒதுக்கிரும். 97 பேரு உக்கார்ற எடத்துக்கு 120 எலை போட்டிருக்கேன். அதுலயே நின்னுச்சு. அப்புறம் ரெண்டாவது மெசினக் காப்பி பண்ணேன், அதுலயும் 120. 2020 பொங்கலுக்கு முந்தின சம்பளத்துக்கு ரெண்டு மெசினும் சேந்து அதே வரியச் சொல்லுச்சு. அன்னிக்கு கோவத்துல ரெண்டுலயும் பூல 30-க்கு எறக்குனேன், அதுக்கப்புறம் படுக்கவே இல்ல. நான் இத்தனை வருஷமா கிளஸ்டர் போட்டதால தான் சரியாச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறேன். சரியானது 120-அ 30 ஆக்குனதால. ஒத்தை மெசின்லயே பண்ணியிருக்கலாம், ரெண்டு நிமிஷம்.

மேல ஜூன் 10-ல எழுதுனத அழிக்கலை, கெடக்கட்டும்.

ஜூன் 17

"அப்ப ஏழு மாசம் வீணா?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார், சிரிப்பு பொம்மையெல்லாம் போட்டு. வேகத்துக்காகன்னு பாத்தா வீண் தான். ஆனா 2021-ல ஒரு சனிக்கெழமை பதினோரு மணிக்கு மொதல் மெசின் மதர்போர்ட் புகைஞ்சுது. அதுல ஒட்டியிருந்த இருபது பேரு மறுபடி லாகின் பண்ணாங்க, அவ்வளவு தான், பொழுதோட அஞ்சு மணிக்கு சம்பளம் வழக்கம் போல போச்சு. அந்த மெசின்ல டேட்டாபேஸ் இல்லைங்கறது அதிர்ஷ்டம், அதுக்கு ஆறு மாசம் முன்னாடி தான் தனி மெசினுக்கு மாத்தியிருந்தோம். வேகம் வேணுமா, விழுந்தாலும் ஓடணுமான்னு ரெண்டு தனித்தனி கேள்வி இருக்குதுங்க, நான் ஒண்ணக் கேட்டு இன்னொண்ணுக்குப் பதில் வாங்கிட்டு வந்திருக்கேன்.

ஜூன் 11-ல சொன்ன அந்தச் சண்டை பாக்கி இருக்குது, சொல்லிப்போடறேன். பீஸ் ரேட். ஒரு ஸ்டைலுக்கு ஓவர்லாக் தையலுக்கு இவ்வளவு, ஃப்ளாட்லாக் தையலுக்கு இவ்வளவுன்னு ரேட் டேபிள் இருக்கும், அடிக்கடி மாறாதுன்னு மெமரில கேஷ் பண்ணி வெச்சிருந்தோம். மேனேஜர் ஒரு ஸ்டைலுக்கு ரேட்ட ஏத்தினார். அவரு ஒட்டியிருந்தது ரெண்டாவது மெசின். அதுல கேஷ் புதுசாச்சு. மொதலாவதுல பழைய ரேட்டே நின்னுச்சு. ஒண்ணாவது லைன் சூப்பர்வைசர் போட்டது பழைய ரேட்ல, ரெண்டாவது லைன்காரர் போட்டது புது ரேட்ல. ஒரே வேலை, ஒரே ஸ்டைல், பக்கத்துப் பக்கத்து டேபிள்ல உக்காந்து தெக்கற ரெண்டு பேரு, கவரப் பிரிச்சா வேற வேற காசு. சாஃப்ட்வேர் தப்புன்னு யாரு நம்புவாங்க? மேனேஜர் வேண்டியவங்களுக்கு ஏத்திக் குடுத்துட்டார்னு பேச்சு கெளம்பிருச்சு. அந்த மனுசன் பாவம், ரெண்டு நாள் முகத்த வெச்சுக்கிட்டே இருந்தார். நான் போய் எல்லார் முன்னாடியும் நின்னு என்ற தப்புன்னு சொன்னேன், வித்தியாசத்த அடுத்த வாரம் சேத்துக் குடுத்தோம். சில பேரு இன்னும் நம்பலை.

அதுக்கப்புறம் காசு சம்பந்தப்பட்ட எதையும் மெமரில வெக்கறதில்ல. டேட்டாபேஸ்ல கேட்டா ஒரு மில்லிசெகண்டு, கேட்டுட்டுப் போகட்டும். மாவட்டம் பேரு, நாடு பேரு மாதிரி இருக்கறத வேணும்னா கேஷ் பண்ணிக்குங்க.

ஜூன் 19

"டாம்கேட்லயே கிளஸ்டர் இருக்குதே, செஷன (லாகின் பண்ணவங்களப் பத்தின ஞாபகத்த) ஒண்ணுக்கொண்ணு காப்பி பண்ணிக்குமே, ஏன் போடலை?"

போட்டேனுங்க. ரெண்டு வாரம் ஓட்டிப்போட்டு எடுத்தேன். மொதல்ல வெப் எக்ஸ்எம்எல்ங்கற செட்டிங் ஃபைல்ல டிஸ்ட்ரிபியூட்டபிள்னு ஒரு வரி மறந்துட்டேன், எதுவும் காப்பி ஆகலை, எர்ரரும் இல்ல. அதப் போட்டதும் எர்ரரா வந்துச்சு, செஷன்ல வெக்கற ஒவ்வொண்ணும் சீரியலைசபிள் ஆகணும், அதாவது பொட்டலம் கட்டி அடுத்த மெசினுக்கு அனுப்பற மாதிரி இருக்கணும், எங்க ஆளு ஒருத்தர் டேட்டாபேஸ் கனெக்ஷனையே செஷன்ல வெச்சிருந்தார், இன்னொரு எடத்துல மொத்த ஆளுக பட்டியலும் செஷன்ல கெடந்துச்சு. அதையெல்லாம் களை எடுத்தது மட்டும் ஒரு நல்ல காரியம். அப்புறம் ரெண்டு மெசினும் ஒண்ணையொண்ணு பாக்க 228.0.0.4-ங்கற மல்டிகாஸ்ட் அட்ரஸ்ல (பல மெசினுக்கு ஒண்ணாக் கேக்கற அட்ரஸ்) கூவும், அந்தக் கூவல் எங்க சுவிட்ச்சத் தாண்டலை. அதச் சரி பண்ணா, உபுண்டுல ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல மெசின் பேருக்கு 127.0.1.1-ன்னு (எந்த மெசின்ல பாத்தாலும் அது தன்னையே குறிக்கற அட்ரஸ்) இருக்கும், டாம்கேட் அதையே தன்னோட அட்ரஸ்னு பக்கத்து மெசினுக்குச் சொல்லும், பக்கத்து மெசின் அந்த அட்ரஸ்ல தேடுனா தன்னையே தான் தேடும். நம்ம வீட்டுக்கு வாங்கோன்னு ஒறம்பரையக் கூப்புட்டுப்போட்டு அவங்க வீட்டு அட்ரஸயே குடுத்த மாதிரி.

எல்லாம் ஓடி, கடைசில மாட்டுனது: செஷன்ல இருக்கற லிஸ்ட்ல ஒரு ஐட்டம் சேத்தா மட்டும் பத்தாது, செட் ஆட்ரிபியூட்ட மறுபடியும் கூப்புடணும், இல்லாட்டி மாறுனத மட்டும் காப்பி பண்ற டெல்டா மேனேஜருக்கு எதுவும் மாறுன மாதிரியே தெரியாது. பழைய கோட்ல அந்த மாதிரி எத்தனை எடம்னு எண்ணிப் பாத்துட்டு விட்டுட்டேன். மெசின் விழுந்தா மறுபடி லாகின் பண்ணிக்கட்டும்.

ஜூன் 22

கேள்வி கேட்டவர் இன்னிக்கு எழுதியிருக்கார், இன்டெக்ஸ் போட்டப்புறம் ரெண்டு மணிக்கே சம்பளம் முடிஞ்சுதாம், ஆனா சர்வருக்கு மொதலாளி ஏற்கெனவே அட்வான்ஸ் குடுத்துட்டாராம். இப்ப வேண்டாம்னு எப்படிச் சொல்றதுங்கறார். சொல்லாதீங்க, வரட்டும். அதுல ரெண்டாவது போஸ்ட்கிரஸ ஸ்டாண்ட்பையா வெய்யுங்க, மெயின் டேட்டாபேஸ்ல (மாஸ்டர்) நடக்கறது அப்பப்பவே அதுக்கும் காப்பி ஆகற ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன். இருக்கறதுலயே அதிகப் புண்ணியம் அதுல தான்.

மாஸ்டர் விழுந்தா ஸ்டாண்ட்பை தானா மாஸ்டரா மாறிக்கற மாதிரி மட்டும் வெக்காதீங்க. ரெண்டே மெசின் இருக்கறப்போ நடுவுல சுவிட்ச் செத்துப் போச்சுன்னா, ஒண்ணொண்ணும் மத்தது செத்துப் போச்சு, நம்ம தான் மாஸ்டர்னு நெனைச்சுக்கும், ரெண்டும் பில் வாங்க ஆரம்பிச்சா அத ஒண்ணாச் சேக்கவே முடியாது. பஞ்சாயத்துக்கு மூணாவது ஆள் வேணும், மூணு ஓட்டுல ரெண்டு. நாலு மெசின் வெச்சாலும் ஒண்ணு விழறதத் தான் தாங்கும், மூணு வெச்சாலும் அதே தான். நம்ம மாதிரி எடத்துக்கு கையால மாத்தறதே போதும்: பழைய மெசினோட கேபிளப் புடுங்கு, அப்புறம் தான் புதுச மாஸ்டர் ஆக்கு. இந்த வரிசை மாறக் கூடாதுன்னு பேப்பர்ல எழுதி ரேக்ல ஒட்டி வெச்சிருக்கேன்.

சிங்க்ரனஸ்னு, அதாவது ஸ்டாண்ட்பைலயும் எழுதுனப்புறம் தான் சேவ் ஆச்சுன்னு சொல்ற மாதிரி போட்டா ஒரு பில் கூடத் தொலையாதேன்னு ஆசையா இருக்கும். ஸ்டாண்ட்பை ஒண்ணே ஒண்ணு தான்னா அது நின்ன உடனே மாஸ்டரும் கமிட் பண்ணாம காத்துக்கிட்டு நிக்கும். விழுந்தா ஓடணும்னு வாங்குன மெசினே விழ வெச்சுரும். ஒண்ணும் மாத்தாம விட்டா அசிங்க்ரனஸ் தான், அதுவே இருக்கட்டும்.

அப்புறம், ஸ்டாண்ட்பை பேக்கப் இல்லைங்க. நீங்க தப்பா ஒரு டெலீட் போட்டா அதுவும் ஒழுங்கா அந்தப் பக்கம் போய்ச் சேரும். தினம் எடுக்கற பேக்கப்ப நிறுத்திராதீங்க.

ஜூன் 22, அரை மணி கழிச்சு

முக்கியமானது விட்டுப் போச்சு. ரெண்டு மெசினையும் ஒரே யூபிஎஸ்ல சொருகாதீங்க. நான் சொருகியிருந்தேன். மாசாந்திர கரண்ட் நிறுத்தத்தன்னிக்கு ஜெனரேட்டர் மாறற அந்த ரெண்டு செகண்டுல யூபிஎஸ் தாங்கலை, ரெண்டும் ஜோடியாப் படுத்துச்சு.

ஜூன் 24

கடிகாரம் பத்தி ஜூன் 13-ல எட்டு செகண்டுன்னு எழுதியிருந்தேன். அதவிடப் பெருசு ஒண்ணு: ரெண்டாவது மெசின்ல டைம்சோன் யூடிசியா (உலகப் பொது நேரம்) விட்டிருந்தேன், நம்மளுக்கும் அதுக்கும் அஞ்சரை மணி நேரம். நைட் ஷிஃப்ட் முடிச்சு வெடியால அஞ்சு மணிக்கு கைரேகை வெச்ச ஆளுகெல்லாம் முந்தின நாள் ராத்திரி பதினொண்ணரைக்கு வெச்ச மாதிரி ஏறிப் போச்சு. பாதி ஷிஃப்டுக் காசு. ரெண்டு மெசின்லயும் கடிகாரத்தச் சரி பண்ணிக்கிட்டே இருக்கற க்ரோனி போடுங்க, டைம்சோன ஒரே மாதிரி வெய்யுங்க, ஜாவா எந்த டைம்சோன எடுக்குதுன்னு தனியாப் பாருங்க.

ஜூலை 3

சர்வர் வந்து ஸ்டாண்ட்பை ஓடுதாம், வாழ்த்துகளுங்க. இப்ப அவரோட கேள்வி, மாஸ்டர் மாறறப்போ கைரேகை மெசின் பதினாலும் பழைய ஐபிக்கே அனுப்பிட்டு இருக்குமே, ஒவ்வொண்ணாப் போய் மாத்தணுமான்னு. வேண்டாம், ஒரு ஐபிய ஒரு சர்வர்ல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தி விடற கீப்அலைவ்டி வெச்சு, ரெண்டு சர்வருக்கும் பொதுவா ஒரு ஐபி குடுங்க, கைரேகை மெசினுக்கெல்லாம் அந்த ஐபியத் தான் காட்டணும். அதுல விர்ச்சுவல் ரவுட்டர் ஐடின்னு ஒரு நம்பர் இருக்கும், சாம்பிள் கான்ஃபிக்ல 51. நீங்களும் 51 வெச்சு, அதே நெட்வொர்க்ல வேற யாராவது 51 வெச்சிருந்தா ரெண்டும் மாத்தி மாத்தி முறைச்சுக்கும். வேற ஏதாச்சும் நம்பர் போட்டுக்குங்க. தானா மாத்தாம கையால மாத்தற மாதிரியே இதையும் வெய்யுங்க, ஐபி ஒரு பக்கமும் மாஸ்டர் ஒரு பக்கமும் நின்னா வேற பேஜாரு.

ஜூலை 4

ஜூன் 19-ல டாம்கேட் மல்டிகாஸ்ட் பத்தி எழுதுனதுல போர்ட் நம்பர் சொல்லலைன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். கூவறது 45564, அது யூடிபி. செஷன் வர்றது 4000-த்துல இருந்து 4100-க்குள்ள ஏதோ ஒண்ணு, அது டிசிபி. ரெண்டையும் ஃபயர்வால்ல தொறக்கணும், நான் மொதல்ல ஒண்ணத் தான் தொறந்திருந்தேன், அதனால ஒண்ணையொண்ணு பாத்துக்கும், பேசிக்காது.